தொரை தோளில் விழுந்த கை

பழைய குரூப் போட்டோ ஒன்றை உங்கள் கையில் கொடுத்தால் நீங்கள் முதலில் கேட்கிற கேள்வி எப்போதும் ஒன்றுதான். “ஏன் சார், எல்லாரும் பேயைப் பார்த்த மாதிரி நிக்கிறாங்க?” அவர்கள் பார்த்தது பேயை அல்ல, என்னை. நான் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக் குனிந்தால் வெளியே தெரிவது என் பின்பக்கம் மட்டும்தான். ஆம்பூர்ப் பக்கம் மாடுகளே அதைப் பார்த்து மிரண்டு ஓடியிருக்கின்றன. மனிதர்கள் நின்றார்களே, அதுவே பெரிய மரியாதை.

இந்த மரியாதையைப் பற்றித்தான், இப்போது போட்டோத் தொழிலுக்கு வந்திருக்கும் உங்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் கையில் சுருள் பிலிம் இருக்கிறது. கண் சிமிட்டுவதற்குள் படம் விழுந்துவிடுகிறது. யாரையும் ‘அசையாதே’ என்று கெஞ்ச வேண்டியதில்லை. எங்கள் காலத்துக் கண்ணாடி பிளேட்டு அப்படியல்ல. நிழலில் எடுத்தால் மூன்று எண்ணும் வரை லென்ஸ் மூடியைத் திறந்து வைக்க வேண்டும். அந்த மூன்று எண்ணிக்கைக்கு எதிரில் நிற்பவன் மனது வைத்தால்தான் படம். ஒரு தலை திரும்பினால் அங்கே முகம் இருக்காது, புகை இருக்கும். இதைப் புரிந்துகொள்ள எனக்குப் பதினோரு வருஷத் தொழிலும் ஒரே ஒரு காலைப் பொழுதும் ஆயின. பதினோரு வருஷத்தில் கற்றது குறைவு, அந்தக் காலையில் கற்றதுதான் ஜாஸ்தி.

அதற்கு முன் என் யோக்கியதையைச் சொல்லிவிடுகிறேன். வேலூரில் என் ஸ்டூடியோவில் இருந்தது ஒரே ஒரு கோட்டு. அந்த வட்டாரத்துப் பழைய கல்யாணப் படங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். மாப்பிள்ளை மாறுவான், கோட்டு மாறாது. மூன்றாவது பொத்தான் எந்தப் படத்திலும் இருக்காது. அம்மைத் தழும்பை மறைப்பேன், ஒற்றைக் கண்ணனுக்கு இரண்டாவது கண் வரைவேன். கல்யாணம் முடிந்த பிறகு சண்டை போட்டுக்கொண்டு போன ஒரு சித்தப்பாவைப் பிளேட்டிலிருந்து கத்தியால் சுரண்டி எடுத்து, அவர் நின்ற இடத்தில் இருட்டு வாசல் வைத்துக் கொடுத்திருக்கிறேன். பிளேட்டில் சுரண்டிய இடம் அச்சில் கறுப்பாக விழும். அதை வாசலாக்குவதுதான் சாமர்த்தியம். இதையெல்லாம் கலை என்று வேறு சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஜெர்மன் சண்டை முடிந்து சில வருஷம் ஆகியிருந்தது. ஆம்பூருக்குப் பக்கத்தில், பாலாற்றங்கரையில் தோல் பதனிடுகிற ஒரு டேனரியிலிருந்து ஆள் வந்தது. சீமையிலிருந்து தோல் வாங்கும் தொரை வருகிறாராம். முதலாளி, தொரை, மேனேஜர், வேலை செய்கிறவர்கள் எல்லோரையும் சேர்த்து ஒரே படம் வேண்டுமாம். மதிய ரயிலில் தொரை மெட்ராஸ் போகிறார், அங்கிருந்து கப்பல். நான் நான்கே நான்கு பிளேட்டு எடுத்துக்கொண்டு போனேன். “நாலா? ஒண்ணு போதும்டா, மூணு அழகுக்கு” என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டது நன்றாக ஞாபகம் இருக்கிறது. இப்படி நினைத்த நாளில்தான் உங்களுக்கும் உதை விழும், தெரிந்துகொள்ளுங்கள்.

நான் போய்ச் சேர்ந்தபோது மேனேஜர் ஆட்களை நிறுத்தி வைத்துப் பேசிக்கொண்டிருந்தார். ஆள் மாற்றி ஆள் வேலைக்கு வருகிறார்கள் என்று அவருக்கு நெடுநாள் சந்தேகம்.

“நல்லா கேட்டுக்கோங்க. படத்துல நிக்கிறவன்தான் நம்ம ஆளு. படத்தை ஆபீஸ்ல மாட்டப் போறேன். நாளையிலேர்ந்து படத்துல மூஞ்சி இல்லாதவன் கேட்டுக்குள்ள கால் வைக்கக் கூடாது. முதலாளிகிட்டயும் சொல்லியாச்சு.”

அது ஒரு நல்ல யோசனை என்றுதான் அப்போது எனக்கும் பட்டது. என் படத்துக்கு இவ்வளவு அதிகாரமா என்று நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்ததும் உண்மை.

ஷெட்டு நிழலில் மூன்று நாற்காலி போட்டேன். நடுவில் வெள்ளைக் கோட்டுத் தொரை. அவருக்கு வலது பக்கம் முதலாளி, வயதான சாயபு, சிரித்த முகம். இடது பக்கம் மேனேஜர். பின்னால் இரண்டு வரிசையாக வேலையாட்கள், முப்பத்தேழு பேர். ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறிய கைகள், முழங்கை வரை செம்பழுப்பு. “கையை எல்லாம் பின்னால கட்டுங்கடா” என்றார் மேனேஜர். கட்டினார்கள்.

அப்போது கிடங்கு வாசலிலிருந்து ஒரு பெண் வந்து வரிசையில் நின்றாள். முப்பத்தைந்து வயது இருக்கும். பெயர் ராகேல் என்று பிறகு தெரிந்தது.

மேனேஜர் எழுந்தார். “நீ வெளிய போ.”

“நானும் இங்கதான் ஆறு வருசமா வேல செய்றேன்.”

“செஞ்ச. இப்ப இல்ல. போ.”

அவள் போனாள். வெகு தூரம் போகவில்லை. கிடங்கு வாசலில், எல்லோருக்கும் தெரிகிற இடத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். எனக்கென்ன? நான் துணிக்குள் தலையை விட்டேன். லென்ஸைச் சரி பண்ணி, பிளேட்டைப் போட்டு, வெளியே வந்து வழக்கமான உத்தரவைக் கொடுத்தேன். “நான் தயார்னு சொன்னதும் யாரும் அசையக் கூடாது. மூச்சு விடக் கூடாது. தொரையா இருந்தாலும் சரி.” முதலாளி இதை இங்கிலீஷில் சொல்ல, தொரை விறைப்பாக உட்கார்ந்தார். மேனேஜர் அதைவிட விறைப்பு. கோயில் துவாரபாலகர் கெட்டார்.

“தயார்.” மூடியைக் கழற்றினேன்.

பின்னால் நின்ற முப்பத்தேழு தலைகளும் ஒரே சமயத்தில் கிடங்கு வாசல் பக்கம் திரும்பின. “மூணு” என்று நான் மூடியைப் போட்டதும் முப்பத்தேழு தலைகளும் நேரே திரும்பிவிட்டன. பட்டாளத்துக் கவாத்துகூட அவ்வளவு சுத்தமாக இருக்காது.

எங்கேயோ சத்தம் கேட்டிருக்கும், திரும்பிவிட்டார்கள் என்று நினைத்தேன். “யாரோ அசைஞ்சுட்டாங்க, இன்னொரு தரம்” என்றேன். இரண்டாவது பிளேட்டு. “தயார்.” மறுபடியும் முப்பத்தேழு தலைகள். முன்னால் உட்கார்ந்திருந்த மூன்று பேருக்கும் ஒன்றும் தெரியாது. அவர்கள்தான் அசையக் கூடாதே! அவர்கள் முதுகுக்குப் பின்னால் ஒரு கலகமே நடக்கிறது, அதைப் பார்க்கிறவன் உலகத்தில் நான் ஒருவன்தான்.

வரிசையைச் சரி செய்கிற சாக்கில் பின்னால் போனேன். ஓரத்தில் மேஸ்திரி சின்னப்பன் நின்றார்.

“இன்னா மேஸ்திரி, உங்க ஆளுங்களுக்குக் கழுத்துல சுளுக்கா?”

“ஆமா சார்.”

“முப்பத்தேழு பேருக்குமா?”

“ஒரே வேல சார். ஒரே சுளுக்கு.”

“எப்பத்தான் சரியாகும்?”

அவர் தாடையால் கிடங்கு வாசலைக் காட்டினார். “அந்தம்மா வந்து வரிசையில நின்னா சரியாப் பூடும்.”

பக்கத்தில் ஒரு இளைஞன், கோவிந்தன் என்று பெயர், கண் இரண்டும் இன்னும் சிவந்திருந்தது. அவன்தான் குசுகுசுவென்று விஷயத்தைச் சொன்னான். பத்து நாளைக்கு முன் சுண்ணாம்புத் தொட்டியில் தோலைப் புரட்டும்போது வழுக்கி, சுண்ணாம்புத் தண்ணீர் இரண்டு கண்ணிலும் தெறித்துவிட்டது. வேலையாட்களுக்கு விட்டிருந்த தண்ணீர் ஆற்றோரம், அவ்வளவு தூரத்தில். ஆபீஸ் கிணறு பத்தடியில். அந்தக் கிணற்றை அவர்கள் யாரும் தொடக் கூடாது. ஏன் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ராகேல் யாரையும் கேட்கவில்லை. வாளியை விட்டாள், இறைத்தாள், கண்ணில் ஊற்றிக்கொண்டே இருந்தாள். மேனேஜர் மறுநாள் கிணற்றை முழுக்க இறைத்துக் கொட்டச் சொல்லி, மேலே பலகை போட்டுப் பூட்டினார். பூட்டிவிட்டு, இவளை வேலையை விட்டுப் போகச் சொன்னார்.

“நான் இப்ப உங்க டப்பாவப் பாக்குறேன்னா அது அவங்க ஊத்துன தண்ணி சார்” என்றான் கோவிந்தன். “அவங்க இல்லாத படத்துல என் மூஞ்சி எதுக்கு?”

எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. விளங்கியதும் நான் என்ன செய்தேன் என்று நினைக்கிறீர்கள்? அவர்கள் பக்கம் நின்று முழங்கினேனா? இல்லை. அவர்களை ஏமாற்றப் பார்த்தேன். மூன்றாவது பிளேட்டைப் போட்டுவிட்டு, ‘தயார்’ என்று சொல்லாமலே, துணியைச் சரி செய்கிற மாதிரி நடித்து, சட்டென்று மூடியைக் கழற்றினேன். அவர்கள் என் வாயைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முப்பத்தேழு தலைகள். போதாததற்கு இந்தத் தடவை தொரையும் என்னவென்று என்னை எட்டிப் பார்த்துவிட்டார். மூன்று பிளேட்டும் போச்சு. அழகுக்குக் கொண்டுவந்ததெல்லாம் அழகாகப் போச்சு. மிச்சம் ஒன்று.

மேனேஜர் என்னிடம் வந்தார். “யோவ், இன்னாய்யா மூணு தபா? தொரைக்கு ரயிலுக்கு நேரமாவுது. உனக்குப் போட்டோ புடிக்கத் தெரியுமா தெரியாதா?”

பின்னால் திரும்பிய தலைகளைப் பற்றி ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால் போதும், முப்பத்தேழு பேரும் அன்றைக்கே வெளியே. அதை மட்டும் சொல்லவில்லை. அந்த அளவுக்கு மனுஷன்தான். ஆனால் அதற்குப் பதிலாகச் சொன்னது அதைவிடக் கேவலம்.

“சார், அந்தம்மா தனியா நிக்கிறதால ஆளுங்க கவனம் அங்கயே போவுது. ஓரமா, கிடங்கு வாசலை ஒட்டி வரிசையில நிக்க வைங்க. அப்புறமா நான் கத்தி போட்டு எடுத்துடறேன்.”

“தடம் தெரியாதே?”

“பெத்தவங்களுக்கே தெரியாது சார்.”

இதை நான் ரகசியமாகச் சொன்னதாக நினைத்தேன். நான் ரகசியம் பேசினால் பாலாற்றுக்கு அந்தக் கரையில் கேட்கும் என்று என் மனைவி சொல்வாள். மேனேஜர் தலையாட்டி ராகேலைக் கூப்பிட்டார். அவள் வந்தாள். வரிசைக்குப் போகும் வழியில் என் கேமராப் பெட்டி அருகே நின்றாள்.

“சுரண்டிடுவீங்களா?”

நான் பெட்டியின் திருகைப் பார்த்தேன். அன்றைக்கு அந்தத் திருகில் பார்க்க ஏராளமாக இருந்தது.

“கேக்குறேன் இல்ல? ஆளையே சுரண்டுற கத்தியா அது?”

“பொழப்பும்மா” என்றேன்.

“எனக்கும் அதேதான்” என்றாள். போய் ஓரத்தில் நின்றாள்.

கடைசிப் பிளேட்டு. லென்ஸைப் பார்த்தேன், பிளேட்டைப் போட்டேன். “தயார். இனி யாரும் அசையக் கூடாது.” தொரை உறைந்தார். முதலாளி உறைந்தார். மேனேஜர் கல்லானார். நான் மூடியில் கை வைத்தேன்.

அப்போது ராகேல் நடந்தாள். ஓரத்திலிருந்து, முன் வரிசைக்கும் நாற்காலிகளுக்கும் நடுவில் இருந்த சந்து வழியாக. வரிசை ஓர் அங்குலம் பின்வாங்கி வழி விட்டது. யாருக்கும் யாரும் சொல்லவில்லை. நேரே தொரைக்குப் பின்னால், முதலாளி பக்கமாக வந்து நின்றாள். மற்றவர்கள் கையெல்லாம் பின்னால் இருந்தது. அவள் வலது கையை எடுத்தாள். பட்டைச் சாயம் ஏறிய அந்தக் கையைத் தொரையின் வெள்ளைக் கோட்டுத் தோளில் வைத்தாள். வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அப்புறம் முப்பத்தேழு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

இப்போது கத்தலாம். மூடியைத் திறக்காமலே நிறுத்தலாம். மிச்சமிருப்பது ஒரே பிளேட்டு, அதனால்தான் திறந்தேன் என்று பல வருஷம் நண்பர்களிடம் சொல்லி வந்தேன். அந்தக் காரணம் முதல் எண்ணிக்கைக்கு மட்டும்தான் செல்லும். மற்ற இரண்டையும் நானாகத்தான் எண்ணினேன்.

ஒண்ணு.

தொரையின் கண் லேசாகப் பக்கவாட்டில் போனது. தோளில் ஏதோ கை. ஆனால் அசையக் கூடாது.

ரெண்டு.

ஒரு தலைகூடத் திரும்பவில்லை. கோவிந்தனின் சிவந்த கண் சிமிட்டவில்லை.

மூணு. என் வாழ்நாளிலேயே அவ்வளவு நிதானமாக நான் எண்ணியதில்லை. அந்த மூணில் ஒரு சின்னத் தூக்கம் போட்டு எழுந்திருக்கலாம்.

மூடியைப் போட்டதும் கை போய்விட்டது. அவள் பழையபடி ஓரத்துக்குப் போய்விட்டாள். தொரை சிரித்துக்கொண்டே முதலாளி பக்கம் திரும்பி, அவர் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். தோளில் தட்டிக் கொடுத்தது இந்த வயதான சாயபுதான் என்று அவருக்கு எண்ணம். சாயபுவுக்கு ஒன்றும் புரியவில்லை, அவரும் சிரித்துக்கொண்டே திருப்பிக் குலுக்கினார். மேனேஜர் மடிப்புக் கலையாத தன் கோட்டைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை ஸ்டூடியோவில் பிளேட்டைக் கழுவி ஓர் அச்சு எடுத்தேன். எங்கள் காலத்துப் பிளேட்டுக்குச் சிவப்பு தெரியாது. செம்பழுப்பெல்லாம் அதற்குக் கறுப்பு. வெள்ளைக் கோட்டின் மேல் ஐந்து விரலும் மை போல விழுந்திருந்தன. நகம்கூடத் தெரிந்தது.

கத்தியை எடுத்தேன். எடுக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். அவள் ஓரத்தில் நின்றிருந்தால் வாசல் வைத்திருக்கலாம். தொரையின் தோளில் வாசல் வைக்க முடியாது. இருந்தாலும் ஒரு கெட்டிக்காரன் நாள் முழுக்க உட்கார்ந்தால் எப்படியோ சமாளிப்பான். அந்த நாளில் நான் அவ்வளவு கெட்டிக்காரன். பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். முப்பத்தெட்டு முகம். ஒரு இமை, ஒரு மீசை முடி கலங்கவில்லை. பதினோரு வருஷத்தில் ராஜா மாதிரிப் பணக்காரர்கள்கூட எனக்கு அப்படி நின்றதில்லை. என் உத்தரவுக்காக அவர்கள் நிற்கவில்லை, அவர்களாக மனது வைத்து எனக்குக் கொடுத்த மூன்று எண்ணிக்கை அது. கொடுக்காமல் இருக்கத் தெரிந்தவர்கள் கொடுத்தது. அதைச் சுரண்ட நான் யார்? கத்தியை உறையில் போட்டேன். இரண்டு அச்சு எடுத்தேன். ஒன்றை அப்போதே தபாலில் மெட்ராஸுக்கு, தொரை தங்கியிருந்த இடத்துக்கு அனுப்பினேன். இன்னொன்றை ஆள் மூலமாக முதலாளி வீட்டுக்கு அனுப்பினேன். அவசரப்பட்டு அனுப்பினேன் என்றுதான் சொல்ல வேண்டும். மதியம் வரை வைத்திருந்தால் என் தைரியம் தீர்ந்து போயிருக்கும்.

மதியம் மேனேஜர் வந்தார். பிளேட்டை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினேன். அவர் முகம் போன போக்கைப் படம் பிடிக்க என்னிடம் பிளேட்டு இல்லாமல் போய்விட்டது.

“சுரண்டு.”

“தொரை தோளும் போய்டும் சார்.”

“போனா போவுது. சுரண்டுய்யா!”

“இந்தக் கண்ணாடியைச் சுரண்டலாம் சார். மெட்ராஸுக்குப் போன படத்தை யாரு சுரண்டுறது?”

அவர் என்னைத் திட்டியதை எழுத மாட்டேன், நீங்கள் சின்னவர்கள். “இனிமே இந்த ஜில்லாவுல எந்த டேனரிக்கும் நீ வர முடியாது” என்பது அதில் எழுதத் தகுந்த பகுதி. “அப்ப இதுவே கடைசிப் படமா இருக்கட்டும் சார், நல்லாத்தானே வந்திருக்கு” என்றேன். சொல்லிவிட்டுப் பிளேட்டைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன்.

மறுநாள் முதலாளி எங்கள் இருவரையும் கூப்பிட்டனுப்பினார். படம் அவர் மடியில் இருந்தது. மேஸ்திரி சின்னப்பனும் வாசலில் நின்றார்.

“அரே, அதான் தொரை என் கையப் புடிச்சி அந்தக் குலுக்கு குலுக்கினாரா! இன்னாடா இது, ஒரே நாள்ல இவ்ளோ தோஸ்த்தா ஆயிட்டாரேன்னு நான் பேஜார் ஆயிட்டேன்.” அவருக்குச் சிரிப்பு அடங்கச் சற்று நேரம் ஆயிற்று. பிறகு விரலை வைத்துக் கேட்டார். “இந்தம்மா யாரு? நம்ம ஆளா?”

மேனேஜர் குனிந்து படத்தைப் பார்த்தார்.

“படத்துல இருக்கிறவங்க எல்லாம் நம்ம ஆளுன்னு நீதானே சொன்ன? நானும் தொரைகிட்ட அப்படித்தான் சொல்லி வச்சேன். இப்ப அவரு கேட்டா நான் இன்னா சொல்றது? வெளி ஆளு வந்து உங்க தோள்ல கை வச்சிட்டாங்கன்னா?”

மேனேஜர் தரையைப் பார்த்தார், சின்னப்பனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எங்கள் யாரிடமும் அவருக்கு ஒரு வழியும் கிடைக்கவில்லை.

“நம்ம ஆளுதான்” என்றார்.

“அப்ப மாட்டு. உன் நாற்காலிக்குப் பின்னாலயே மாட்டு.”

மேனேஜர் வேலையை விட்டுப் போகிற வரை அந்தப் படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார். கிணற்றுப் பூட்டு உடனே திறக்கவில்லை, அதையும் சொல்லியாக வேண்டும். ஒரு படத்தால் எல்லாம் ஆகிவிடும் என்று எவனாவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் ராகேல் மறுநாள் காலை மற்றவர்களோடு கேட்டுக்குள் நடந்து போனாள். யாரும் நிறுத்தவில்லை.

உங்களிடமும் ஒரு நாள் யாராவது வருவார்கள். பெரிய மனிதராகத்தான் இருப்பார். ‘இந்த ஆள் மட்டும் வேண்டாம், எடுத்துவிடு’ என்பார். உங்களுக்கு அது முடியும். என்னைவிடச் சுத்தமாகவே முடியும். முடியாது என்று சொல்லுங்கள். தெரியாது என்று சொல்லாதீர்கள், முடியாது என்று சொல்லுங்கள்.

அன்றைக்கு முதலாளி வீட்டிலிருந்து திரும்பும்போது ராகேலை வழியில் பார்த்தேன். சின்னப்பன் அதற்குள் அவளிடம் விஷயத்தைச் சொல்லியிருந்தார். செய்ததைச் சொல்லிக் காட்டாமல் இருக்க என்னால் முடியவில்லை.

“பாத்தியாம்மா, கடைசியில நானும் ஒத்தாசை பண்ணிட்டேன்.”

“நீங்க இன்னா பண்ணீங்க?” என்றாள். “மூணு எண்ணுனீங்க.”

“மெதுவா எண்ணுனேன் இல்ல?”

“ஆமா, மெதுவாத்தான் எண்ணுனீங்க” என்றாள். “அதனாலதான் உங்க பொட்டி ஒடையாம முழுசா ஊரு போய்ச் சேந்துச்சு.”